குறுக்கே ஓடுவதற்கான விதிமுறைகள்

காரைக்குடியில் நாடகம் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் நாடகத்தை வளர்க்கிறவர்களைத் தாண்டிப் போயாக வேண்டும். அவர்களுக்கென்று ஒரு மன்றம் இருக்கிறது. செட்டிநாட்டு நாடகக் கலை வளர்ச்சி மன்றம் என்று பெயர். மெத்தை வைத்த நாற்காலிகள், ஏசி, மேடையின் பின்சுவரில் நிறுவனர்களின் படங்கள், வாசலில் ஆளுயர நடராசர் என்று ஒரு குறையும் கிடையாது. நாடகம் மட்டும் எப்போதாவது நடக்கும். மற்ற நாட்களில் நாடகத்தைப் பாராட்டி விழா நடக்கும்.

ஜெரினாவுக்கு இந்த மன்றத்தோடு எந்தச் சகவாசமும் இருந்ததில்லை. அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். சாயந்திரம் வேலை முடிந்ததும் ‘குறுக்குச் சந்து’ என்ற குழுவோடு சேர்ந்துகொள்வாள். ஐ.டி. வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் கார்த்திகேய சிவம், ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் கோட்டைச்சாமி, இன்னும் இரண்டு மூன்று பேர். இவர்கள் ஆடுவது இம்ப்ரோவ். கதை கிடையாது, எழுதிய வசனம் கிடையாது. பார்க்க வந்தவர்களிடம் ஒரு சொல் கேட்பார்கள். ‘பாஸ்போர்ட்’ என்று யாராவது சொன்னால் போதும், அந்த நிமிடமே ஒரு காட்சியை இட்டுக்கட்டி ஆட ஆரம்பித்துவிடுவார்கள்.

இதில் ஆரம்பிப்பது பெரிய காரியமில்லை. வாய் இருக்கிற யாரும் ஆரம்பித்துவிடலாம். முடிப்பதுதான் காரியம். சிரிப்பு நன்றாக ஏறி நிற்கிற நேரம் பார்த்து, ஓரத்தில் இருக்கும் ஒருவர் மேடையின் முன்பக்கமாகக் குறுக்கே ஓட வேண்டும். ஓடிவிட்டால் அந்தக் காட்சி முடிந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் பாதி வசனத்தில் இருந்தாலும் இறங்கிவிட வேண்டும், ஓடியவர் அடுத்த காட்சியை ஆரம்பிக்க வேண்டும். தோள் தொடுவது இன்னொரு வகை. இரண்டு பேரில் ஒருவரின் தோளைத் தொட்டால் அவர் மட்டும் இறங்கிப் போவார். தொட்டவர் அந்த இடத்துக்கு வர, மற்றவரோடு கதை வேறு ஊருக்கோ வேறு வருடத்துக்கோ தாவிவிடும்.

ஜெரினா நடிப்பில் சுமார்தான், அதை அவளே சொல்வாள். ஆனால் எப்போது குறுக்கே ஓட வேண்டும் என்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. சிரிப்பு இறங்க ஆரம்பிப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் ஓடிவிடுவாள். ஜனங்கள் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று ஏங்கிக்கொண்டே அடுத்த காட்சிக்குத் தயாராகிவிடுவார்கள். குழுவுக்குப் பெயர் வந்ததே அந்த ஓட்டத்தால்தான்.

இத்தனை நாளும் அவர்கள் ஆடியது ஒரு பேக்கரியின் மொட்டை மாடியில். பேக்கரிக்காரர் மாடி முழுக்க சோலார் தகடு போட்டுவிட்டார். சூரியனோடு சண்டை போட முடியாது. ஊரில் மிச்சம் இருந்தது மன்றத்தின் அரங்கு ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் குறுக்குச் சந்து அத்தோடு முட்டுச் சந்து.

மன்றத்தின் தலைவர் மேடைச் செம்மல் வள்ளியப்பன். செயலாளர் நாகநாதன். இருவரும் குழுவினரை அன்போடு வரவேற்று, காப்பி கொடுத்து உட்காரவைத்தார்கள்.

“கதை வசனத்தைக் குடுத்துட்டுப் போங்க. குழு படிச்சுப் பாக்கும்,” என்றார் நாகநாதன்.

“வசனம்னு ஒண்ணு இல்லீங்க. மேடையில நிக்கும்போதுதான் வரும்,” என்றான் சிவம்.

நாகநாதன் தலையை ஆட்டினார். “சரி, வந்த பிறகு எழுதிக் குடுத்துருங்க. முன்தேதி போட்டு அனுமதிச்சுக்கலாம்.”

இது இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று சிவத்துக்கு சந்தோஷம் தாங்கவில்லை. உற்சாகத்தில் அங்கேயே ஒரு சின்னக் காட்சியை ஆடிக் காட்டினார்கள். கோட்டைச்சாமி பேசிக்கொண்டிருக்கும்போது ஜெரினா குறுக்கே ஓடினாள். தலைவரின் முகம் இருண்டுவிட்டது.

“என்ன தாயி இது? ஒரு மனுசன் பேசிக்கிட்டு இருக்காரு. நீ பாட்டுக்குக் குறுக்க ஓடுற, அவரு பாட்டுக்கு எறங்கிப் போறாரு. அவருக்கு மனசு நோகாதா?”

“நோகாதுங்க ஐயா. அவருக்கு அது உதவி. பேச்சு நல்லா இருக்கும்போதே முடிச்சுவிடுறோம்.”

“நல்லா இருக்கும்போது எதுக்கு முடிக்கணும்?” வள்ளியப்பனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “முப்பது வருசமா இந்த மேடையில பேசுறேன். ஒருத்தரும் என்னைய நிறுத்துனதில்ல. அதுக்கு முந்தி மத்த ஊரு மேடையில எல்லாம் பேச்சை முடிக்கச் சொல்லித் துண்டுச் சீட்டு குடுப்பாக. அந்த அவமானம் இந்த மண்ணுல இன்னொரு கலைஞனுக்கு வரக் கூடாதுன்னுதான் இந்த மன்றத்தையே ஆரம்பிச்சேன்.”

அதற்காக மன்றம் அனுமதி மறுத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. மன்றம் எதையும் மறுப்பதில்லை, ஒழுங்குபடுத்தும். ஒரு வாரத்தில் ‘காட்சி நிறைவுக் குழு’ என்று ஒன்று அமைந்தது. மூன்று துணைத்தலைவர்கள் அதில் உறுப்பினர்கள். ஆண்டு விழாவுக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம், அது சரியாக நடந்தால் ஆண்டு விழாவில் நிகழ்ச்சி, அதுவும் சரியாக நடந்தால் மாதம் ஒரு நாள் அரங்கு. நாகநாதன் விதிமுறைகளை விளக்கினார்.

“குறுக்க ஓட நெனைக்கிறவுக மொதல்ல கையத் தூக்கணும். குழுவுல ஒருத்தர் முன்மொழிவாரு, ஒருத்தர் வழிமொழிவாரு. அப்புறம் ஓடலாம். ஓடலாம்னா ஓடக் கூடாது, நடக்கணும். செருப்பில்லாம. பின்னால நிறுவனர்கள் படம் இருக்கிறதால அவுகளுக்கு முதுகு காட்டக் கூடாது. அவுகளைப் பார்த்தபடியே பக்கவாட்டுல போயிருங்க.”

“அப்ப ஜனங்களுக்கு என் முதுகுதான தெரியும்?” என்றாள் ஜெரினா.

“அவுக ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாக. டிக்கெட் இல்லாமத்தானே வாராக.”

தலைவர் கையை உயர்த்தினார். தன் பங்குக்கு அவருக்கு ஒரு கவலை இருந்தது. “எறங்கிப் போற கலைஞர்களை வெறுமனே அனுப்பக் கூடாது. நம்ம மன்றத்துல அந்தப் பழக்கம் இல்ல. ஆளுக்கொரு பொன்னாடை போட்டுருவோம். அவுகள்ல ஒருத்தர் ஏற்புரை சொல்லட்டும். சுருக்கமா.”

தோள் தொடுவதற்கும் விதி வந்தது. வயதில் மூத்தவரின் தோளை இளையவர் தொடுவது மரபில்லை, மூத்தவரை மேடையிலிருந்து இறங்கச் சொல்வதும் மரபில்லை. குறுக்குச் சந்திலேயே மூத்தவர் கோட்டைச்சாமி என்பதால், அவர் ஒருமுறை மேடை ஏறினால் அவரை இறக்கிவிட உலகத்தில் யாருக்கும் உரிமை இல்லாமல் போயிற்று.

ஜெரினா சிவத்தின் முகத்தைப் பார்த்தாள். அவன் நிறுவனர்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதே பழகுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளோட்டத்துக்கு நல்ல கூட்டம். பேக்கரி மாடிக்கு வழக்கமாக வருகிறவர்கள் நெற்குப்பையிலிருந்தும் வலையபட்டியிலிருந்தும்கூட வண்டி கட்டாத குறையாக வந்திருந்தார்கள். யாரோ ‘பாஸ்போர்ட்’ என்றார்கள். சிவம் போட்டோ ஸ்டூடியோக்காரன், கோட்டைச்சாமி படம் எடுக்க வந்தவர். சிரிக்கக் கூடாது என்கிறான் ஸ்டூடியோக்காரன். சிரிக்காமல் இருந்தால் என் பெண்டாட்டிக்கே என்னை அடையாளம் தெரியாது என்கிறார் வந்தவர். அரங்கு குலுங்கியது. சிரிப்பு ஏறி நின்ற அந்த நேரத்தில் ஜெரினாவின் கால் துறுதுறுத்தது. அவள் விதிப்படி கையைத் தூக்கினாள்.

முதல் துணைத்தலைவர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, “இப்பவேவா? போட்டோ எடுத்து முடிக்கட்டும்மா, பாவம்,” என்றார். இரண்டாமவர் முன்மொழியத் தயாராக இருந்தார், ஆனால் வழிமொழிய வேண்டிய மூன்றாமவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஜெரினா தூக்கிய கையோடு நின்றாள்.

மேடையில் போட்டோ எடுத்தாயிற்று, பிரிண்டு போட்டாயிற்று. பாஸ்போர்ட் வந்து, கோட்டைச்சாமி மலேசியா போய், அங்கே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, திரும்பி வந்து, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அதே ஸ்டூடியோவுக்கு வந்தார். ஸ்டூடியோக்காரன் மறுபடியும் சிரிக்கக் கூடாது என்றான். ஜனங்கள் அந்த உத்தரவை நன்றாகவே கடைப்பிடித்தார்கள். பின்வரிசையில் நாற்காலிகள் படபடவென்று மடங்கும் சத்தம் கேட்டது.

மூன்றாமவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து வழிமொழிந்தார். ஜெரினா நிறுவனர்களைப் பார்த்தபடி பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து மேடையைக் கடந்தாள். இரண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். சிவம் ஏற்புரையில் மன்றத்துக்கு நன்றி சொன்னான். அடுத்த காட்சி ஒரு சாவு வீடு. மூப்பின் காரணமாக இறங்க முடியாமல் நின்ற கோட்டைச்சாமி அதில் பிணமாகப் படுத்தார். பிணத்துக்கும் பொன்னாடை போர்த்தி, ஏற்புரைக்கு அழைத்தார்கள். எழுந்து பேசிவிட்டு மறுபடி படுத்தார். கடைசியில் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அவர் மைக்கிலேயே சொன்னதற்குத்தான் இரண்டாவது முறையாக அன்று சிரிப்பு வந்தது.

வள்ளியப்பன் நிறைவுரையில் உருகிவிட்டார். “நகைச்சுவைன்னா சட்டுனு முடிஞ்சுருமேங்கிற பயம் எனக்கு இருந்துச்சு. அந்தக் குறையை இன்னைக்கு நம்ம மன்றம் தீத்து வச்சுருச்சு.”

வெளியே வந்ததும் ஜெரினா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். கோபத்தில் இடது வலது மாறிப் போனது.

“கொஞ்சம் அனுசரிச்சுப் போவோம் ஜெரினா,” என்றான் சிவம். “நம்மளுக்கு வேற எடம் இல்ல. ஆண்டு விழா முடியட்டும், அப்புறம் மெதுவா பேசிக்கலாம்.”

“எடம் கெடைச்சு என்ன பண்ண? இன்னைக்கு எழுந்து போனவுக திரும்பி வருவாகளா?” அவள் குனிந்து செருப்பைச் சரியாக மாற்றிப் போட்டாள். “நான் தெனமும் எக்ஸ்ரே ரூம்ல மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொல்றேன். அப்புறம் விடுங்கன்னு சொல்றேன். விடுங்கன்னு சொல்ல குழு கூடணும்னா அந்த ஆளு கதி என்ன?”

“அது வேற, இது வேற.”

“ரெண்டும் ஒண்ணுதான். எப்ப விடணும்னு சொல்ற ஒரு வேலைதான் எனக்கு உருப்படியாத் தெரியும். அதையும் அவுககிட்டக் குடுத்துட்டு நான் எதுக்கு மேடைக்கு வரணும்?”

கோட்டைச்சாமி கை நிறையப் பொன்னாடைகளோடு வந்தார். “ஆண்டு விழாவுக்கு ஃபிளெக்ஸ் ஆர்டர் என்கிட்டத்தான் குடுத்திருக்காக. தலைவர் படம் பதினாறு அடி. நம்ம குழு பேரு கீழ ஒரு மூலையில. கண்ணாடி போட்டாத் தெரியும்,” என்றார்.

ஆண்டு விழா அன்றும் கூட்டம் வந்தது. ஒருமுறை ஏமாந்தவர்கள் இன்னொரு முறை வருகிறார்கள் என்றால் அவர்களுக்குச் சிரிப்பு அவ்வளவு தேவைப்படுகிறது என்று அர்த்தம். நிகழ்ச்சி ஐந்து மணிக்கு என்று போட்டிருந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை எல்லாம் ஆயின. பிறகு தலைவர் எழுந்தார். தலைமையுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு ‘சுருங்கச் சொல்லும் கலை’.

“சுருக்கம்னா என்ன? அதை நாம கொஞ்சம் விரிவாப் பாக்கணும்,” என்று ஆரம்பித்தார்.

விரிவாகவே பார்த்தார். ஜெரினாவும் சிவமும் கோட்டைச்சாமியும் மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் நின்றார்கள். தலைவர் தன் இளமைக்கு வந்தார், இளமையிலிருந்து தன் தந்தையாரின் இளமைக்குப் போனார். இருட்ட ஆரம்பித்ததும் நெற்குப்பைப் பக்கம் போகிறவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு குடும்பம் எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று எழுந்தது. இவர்கள் போய்விட்டால் இனி வரமாட்டார்கள். நாளைக்கு அரங்கு கிடைத்தாலும் காலி நாற்காலிகளுக்குத்தான் ஆட வேண்டும். ஜெரினாவுக்கு அது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

“பொறு,” என்றான் சிவம், அவள் காலைப் பார்த்துவிட்டு.

அவள் ஓடினாள். கையைத் தூக்கவில்லை, யாரும் முன்மொழியவில்லை. காலில் செருப்பு இருந்தது. நிறுவனர்களுக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு, தலைவருக்கும் ஜனங்களுக்கும் நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தடதடவென்று ஓடினாள்.

எழுந்தவர்கள் நின்றபடி திரும்பிப் பார்த்தார்கள்.

“யாரு தாயி குறுக்க போனது?” என்றார் வள்ளியப்பன் மைக்கில். “நான் இன்னும் முன்னுரையே முடிக்கலையே.”

ஓடியவள் காட்சியை ஆரம்பிக்க வேண்டும். இப்போது யாரும் மேடைக்கு வராவிட்டால், பெரிய மனிதர் பேச்சில் குறுக்கிட்ட ஒரு பைத்தியக்காரி என்பதோடு கதை முடிந்துவிடும். அவள் ஓரத் திரையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“டாக்டர், பேசண்ட் இவருதான். நிக்கவே மாட்டேங்குது.”

கோட்டைச்சாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாக வந்தார். தலைவரை மேலும் கீழும் பார்த்தார்.

“எத்தனை வருசமா இருக்கு ஐயா?”

மரியாதையோடு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க வள்ளியப்பனுக்குத் தெரியாது. “முப்பது வருசமா. இதே மேடையிலதான்.”

அரங்கு வெடித்தது. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

“மைக்கைப் பாத்தா மட்டும் வருதா, இல்ல சும்மாவே வருதா?”

“மைக் எனக்கு ஒரு பொருட்டே இல்ல. கரண்டு போன அன்னைக்குக்கூடப் பேசியிருக்கேன். ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல. லைட்டு வந்த பிறகு பாத்தா யாரையும் காணோம், அது வேற விசயம்.”

“வலி ஏதும் இருக்கா?”

“எனக்கு ஒண்ணும் இல்ல.”

முன்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தன் தலையைத் தட்டுவதற்குப் பதில் பக்கத்தில் இருந்தவரின் தலையைத் தட்டினார். செயலாளர் நாகநாதன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

“தலைவரே, எறங்கி வாங்க. இங்க நாடகம் நடக்குது.”

நாடக மன்றத்தின் செயலாளர் இதைச் சொன்னதும் சிரிப்பு இன்னொரு சுற்று ஏறியது. கோட்டைச்சாமி அவர் பக்கம் திரும்பினார். “நீங்க பேசண்டுக்கு என்ன வேணும்?”

“நான் செயலாளரு. எனக்கு முன்னிலையுரை பாக்கி இருக்கு.”

அப்போதுதான் சிவம் வந்தான். திரைக்குப் பின்னால் அவன் என்னென்ன யோசித்தானோ தெரியாது. வந்தவன் நாகநாதனிடமிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்று, சட்டை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டான். “டாக்டர், இது தொத்திக்கிற வியாதியா?”

ஜெரினாவுக்கு அழுகை வந்தது. சிரிப்பு ஏறி நின்றது. இன்னும் ஒரு வசனம் போனால் இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. வெற்றி கையில் இருக்கும்போது இன்னும் கொஞ்சம் என்று நாக்கு ஊறத்தான் செய்யும். அந்த இன்னும் கொஞ்சத்தால்தான் இந்த மன்றமே இப்படி ஆனது. அவள் தலைவரிடம் போய், மெதுவாக அவர் தோளைத் தொட்டாள்.

வள்ளியப்பனுக்குத் தோளில் ஒரு கை பட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். தன்னால் கழுத்து குனிந்தது, கைகள் குவிந்தன. பொன்னாடை விழவில்லை. ஆனால் கும்பிட்ட பிறகு இறங்குவதுதான் வழக்கம் என்பதால் கால்கள் படிகளை நோக்கி நடந்தன. கீழே போய் முதல் வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் தான் பேசிக்கொண்டிருந்தது அவருக்கு நினைவு வந்தது. அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. இவ்வளவு கைதட்டல் அவருக்கு இதுவரை கிடைத்ததில்லை. அது எதற்கு என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அவரும் தட்டினார்.

நாகநாதன் அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை. மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அமைதி. எல்லாரும் அமைதியா இருங்க. விதிமுறைகளை மீறின இந்தக் குழுவுக்கு இனிமே நம்ம அரங்கத்துல எடம் கெடையாது. இந்த அறிவிப்பை முறையா முன்மொழியுறதுக்கு முந்தி, மன்றத்தோட வரலாற்றைச் சுருக்கமா...”

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நெற்குப்பையிலிருந்து புருஷனோடு வந்திருந்த விசாலி. நிறைமாதம். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறினாள். புருஷன் பின்னாலேயே பதறிக்கொண்டு வந்தான். “நீங்க அங்குட்டே இருங்க,” என்றாள் அவனிடம். மேடைக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நாகநாதனின் முன்னால் குறுக்கே நடக்க ஆரம்பித்தாள்.

அவளால் ஓட முடியாது. வேகமாக நடக்கவும் முடியாது. நடுவில் ஒரு முறை நின்று, மூச்சை விட்டுவிட்டு, மறுபடி நடந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி குறுக்கே போகும்போது எந்த விதியைச் சொல்லித் தடுப்பது என்று நாகநாதனுக்குத் தெரியவில்லை. முன்மொழிந்து வழிமொழிய வேண்டிய மூன்று துணைத்தலைவர்களும் அவள் விழுந்துவிடக் கூடாதே என்று நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்கள். அரங்கு முழுவதும் அவள் அடுத்த ஓரம் போய்ச் சேரும் வரை பேசாமல் காத்திருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தாள். கோட்டைச்சாமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். குறுக்கே வந்தவர்தான் அடுத்ததை ஆரம்பிக்க வேண்டும் என்பது இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

விசாலி உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு நடிக்கவெல்லாம் வராது. நான் சிரிக்கலாம்னுதான் இம்புட்டுத் தூரம் வந்தேன்,” என்றாள் ஜெரினாவைப் பார்த்து. “நீங்க ஆரம்பிங்க.”

ஜெரினா மேடையின் நடுவுக்கு வந்தாள். நாகநாதன் இன்னும் மைக்கை விடவில்லை.

“கொஞ்சம் அங்குட்டு நில்லுங்க ஐயா,” என்றாள் அவள். “ஆட்கள் பாக்கணும்ல.”